புகையில்லாத வெளிச்சம்

இந்தக் காலத்து மனிதர்களை என்னவென்று சொல்வது! வீட்டில் ஒருத்தி ஆறு மாதமாக மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தபோது எட்டிப்பார்க்க ஒரு ஆள் இல்லை. வாசலில் காற்றாடி நட்டதும் தீவின் தென்கரையில் இருக்கும் சுரினாம் கிராமத்தில் பாதிப் பேர் வேலியோரம் கூடிவிட்டார்கள். அத்தனை பேரையும் கரும்புத் தடியால் விரட்ட வேண்டும் போலிருந்தது திருவேங்கடத்துக்கு.

"கிழவரே, அதுல மாவு அரைப்பியா, மாமியாரை ஏத்திச் சுத்துவியா?" என்றாள் பக்கத்து வீட்டு உகெத்.

"உன் நாக்கை அரைப்பேன், போ."

அவர் மனைவி பூங்காவனத்தின் நெஞ்சுக்குப் புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மண்ணெண்ணெய் விளக்குப் புகைகூட ஆகாது. இப்படியே போனால் குளிர்காலம் தாண்ட மாட்டாள். அடுப்பைக் கொட்டகைக்கு மாற்றியாயிற்று. விளக்குக்கு என்ன செய்வது? இருட்டில் இழுப்பு வந்தால், குழியில் இறக்கி மண் தள்ளுகிறார்கள் என்று கத்துவாள். கத்தக் கத்த மூச்சு இன்னும் அடைக்கும். ஏற்றினாலும் சாவு, ஏற்றாவிட்டாலும் சாவு.

வழி சொன்னவன் மருமகன் சிமோன். மாதா கோயிலுக்குப் போகிறவன், லாரி பழுது பார்க்கிறவன். மகளைக் கட்டி நாலு வருஷமாகியும் கிழவர் அவனை வாய் திறந்து மாப்பிள்ளை என்றதில்லை.

"காத்துலேர்ந்து வெளிச்சமா? மூளை கழண்டுபோச்சா உனக்கு?"

"லாரி ஓடுனா முன்விளக்கு எரியுதில்ல மாமா? அங்க என்ஜின் டைனமோவைச் சுத்துது. இங்க காத்து சுத்தப்போவுது. அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் சவுக்கு மரத்தை வெட்டி நட்டது அவர்தான். பலாப் பலகையைச் செதுக்கி இறக்கை செய்ததும் அவர்தான். முதல் ஜோடி ஒரு பக்கம் கனத்துக் கம்பத்தையே உலுக்கியது. இரண்டாவது பிளந்தது. மூன்றாவதைச் செதுக்கும்போது உள்ளே அவள் இழுக்கும் சத்தம் விடாமல் கேட்டது. வாச்சி வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு செதுக்கினார்.

மூன்றாவது ஜோடி சுற்றியது. சிமோன் உடைந்த லாரி ஒன்றின் டைனமோவை அதில் பூட்டி, கம்பியை உள்ளே இழுத்து, லாரி விளக்கின் குமிழ் ஒன்றைக் கூரைக் கட்டையில் தொங்கவிட்டான்.

அந்தி நேரம். கடல் காற்று கரும்பைச் சாய்த்துக்கொண்டு வந்தது. குமிழ் சிவந்தது, மஞ்சளானது, அறை முழுக்க வெளுத்தது. பூங்காவனம் தன் கையைப் பார்த்தாள், பிறகு கணவரை.

"இவ்வளவு கிழடாவா ஆயிட்டே?" என்றாள். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு.

கிழவர் குமிழையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். உடைந்த லாரிச் சாமான், அதில் யார் செத்தார்களோ. வேலியில் வேறு இத்தனை கண். அம்மனுக்குக் காட்டாமல் வீட்டில் புது விளக்கு எரியலாமா? கொட்டகைக்கு ஓடினார். தூபக்காலில் நெருப்புக் கங்கு அள்ளி, சாம்பிராணியைக் கைநிறையப் போட்டு, அறைக்குள் வந்து, கண் படாதபடி கதவைச் சாத்திக்கொண்டு குமிழுக்கு மூன்று சுற்று காட்டினார்.

"மாமா! புகை!"

வெளியே நின்றிருந்த சிமோன் கதவை உதைத்துத் திறந்தான். பூங்காவனத்தின் உதடு நீலமாகியிருந்தது. அவளை வாரித் தூக்கிக் கம்பத்தடியில் கிடத்தினான். "போந்தியே! கடவுளே! மூச்சு விடுங்க அத்தே!"

காற்று அவள் முகத்தில் அறைந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மூச்சு, நூல்போல. இன்னொன்று.

"விளக்கு எரியுதா?" என்றாள்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆளில்லாத அறையில், புகைக்கு நடுவில்.

"புகை அடங்கட்டும், உள்ள கூட்டிப்போவோம். விளக்கு மேல குத்தம் இல்ல மாமா."

"இல்லியா? நாப்பது வருஷமா சாம்பிராணி போடுறேன், யாரும் சாவல. இன்னைக்கு உன் கண்ணாடிக் குமிழ் வந்துச்சு, வீட்டு மூச்சையெல்லாம் குடிச்சிருச்சு."

தூபக்கால் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. ஓடைவரை கொண்டுபோய்க் கவிழ்த்தார். கங்கு சீறி அணைந்தது.

"கண்ணாடிதான்," என்றார் யாரிடமும் இல்லாமல். கரும்புக்குள் நடந்தார். பின்னால் இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.