சார்ஜர் இருக்கும் பக்கம்

என் மகளுக்கு நான் வைத்த பட்டப்பெயர் உருண்டை. பிறந்து நாலு மாதமாகியும் அவள் தலை வலப்பக்கம்தான். தூக்கினாலும் வலம், கிடத்தினாலும் வலம். அந்தப் பக்கத்து மண்டை சப்பையாகி முடியும் உதிர்ந்துவிட்டது. குழந்தை டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, எலும்பையும் தசையையும் கையாலேயே பார்த்துச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

"தடவிக் குடுக்கறதுக்கு ஒரு டாக்டரா?" என்று அவள் அப்பா போனில் சிரித்தார். அவருக்கென்ன, கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு சிரிக்கலாம். கழுத்து இப்படியே நின்றுவிட்டால் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள்.

டாக்டரம்மா உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, உருண்டையின் பிடரிக்குக் கீழே விரல்களை வைத்தார். அவ்வளவுதான். அழுத்தவில்லை, திருகவில்லை. என் கையைத் தவிர வேறு கையே அறியாத பிள்ளை, கண் சொருகிக் கிடந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. டாக்டரம்மா மேல் இல்லை, உருண்டையின் மேல். என்னையும் யாராவது அப்படிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

சில வாரம் போய்வந்த பிறகு டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"கழுத்து நல்லா எளகிடுச்சும்மா. நான் திருப்பினா ரெண்டு பக்கமும் போகுது. அவளாத்தான் திரும்ப மாட்டேங்கறா. வீட்ல கட்டிலுக்கு வலப்பக்கம் என்ன இருக்கு?"

"சுவரு. பிளக் பாயிண்ட். சார்ஜர்ல போனு."

"போன்ல?"

"அவங்கப்பா."

விளக்க வேண்டியிருந்தது. ஒரு பெரிய கிடங்கின் கேமராக்களை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. அங்கே ராத்திரி என்றால் இங்கே பகல். தூக்கம் வராமலிருக்க மகளிடம் வாய் ஓயாமல் பேசுவார். கதை, பாட்டு, மேனேஜருக்கு அர்ச்சனை, எல்லாம் உண்டு. நான் கட்டிலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து துணி மடிப்பேன்.

"நீங்க பேச மாட்டீங்களா?"

"அவரே பேசிடறாரே டாக்டர். நடுவுல நான் எங்க பேச?"

டாக்டரம்மா என்னை உருண்டையின் இடப்பக்கம் நிற்கவைத்துக் கூப்பிடச் சொன்னார்.

"உருண்டை... ஏய், உருண்டை..."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா என் போனை வாங்கி, அதே இடத்தில் பிடித்து, அவள் அப்பா அனுப்பியிருந்த குரல் பதிவை ஓடவிட்டார். வெடுக்கென்று திரும்பினாளே பார்க்கணும்!

"பாத்தீங்களா, கழுத்துல ஒண்ணுமே இல்ல!" டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கோ முகத்தில் அறைந்தது போலிருந்தது. பெற்றவள் நான், பால் கொடுப்பவள் நான். இத்தனை நாளும் மகாராணி எனக்குப் பின்மண்டையைக் காட்டிக்கொண்டு அப்பாவோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

"தெனமும் கொஞ்ச நேரம் போனைத் தள்ளி வெச்சிட்டு, இடப்பக்கம் உக்காந்து நீங்க பேசுங்க. இனிமே இங்க வரவேண்டியதில்லம்மா."

நல்ல சேதிதான். ஆனால் படியிறங்கும்போது அழுகை முட்டியது. அந்த அறையை விட்டால் என்னை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆள் கிடையாது.

மறுநாள் போனைச் சமையலறையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது? கண்ணே, மணியே என்றேன். எனக்கே பொய்யாகக் கேட்டது. அவள் அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரி, அந்தப் பக்கமே பாரு. லிஃப்ட் ரிப்பேர்னு உன்னையும் தூக்கிட்டு அத்தனை மாடி ஏறினேனே, அது உங்கப்பாவுக்குத் தெரியுமா? எதிர் வீட்டம்மா கதவைத் தெறக்கறா, நம்மளப் பாத்ததும் சாத்திக்கறா. போன வாரம் எனக்குக் காய்ச்சல்டி. ஒரு வாய் சுடுதண்ணி வெச்சுக் குடுக்க நாதியில்ல. உங்கப்பாகிட்ட சொன்னேனா? சொல்லல. எங்க சொல்ல விட்டாரு!"

குரல் உடைந்துவிட்டது. விரிப்பில் சரசரவென்று சத்தம் கேட்டது. சப்பை மண்டை மெல்ல உருண்டு, நடுவில் கொஞ்சம் நின்று, இடப்பக்கம் வந்தது. உருண்டை என் வாயையே பார்த்தாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, பால் பொங்கி அடுப்பணைந்த கதையை ஆரம்பித்தேன். அவளும் ஏதோ பதில் சொன்னாள். வெட்கமில்லாமல் அழுதேன், சிரிக்கவும் செய்தேன்.

சமையலறையில் போன் அடித்தது. அவர்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தலையைப் பார்த்தேன். விட்டுவிட்டு அடித்தது.

உருண்டை அசையவில்லை. என் வாயைப் பார்த்தபடி அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். சமையலறைப் பக்கம் திரும்பியது நான்தான்.