மஞ்சள் துணியில் முடிந்த ராஜா

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

குளியலறை கட்ட அமராவதி ஆற்று மணலைச் சலித்தபோது கிடைத்த வெள்ளிக் காசில் ஒரு கிரேக்க ராஜா குடியிருந்தார். எனக்கு அது தெரியாது. மகள் யமுனாவுக்கு வரன் அமைய வேண்டும் என்று பழனி முருகனை வேண்டி, அந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தேன். வேறு காசே கிடைக்கவில்லையா என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேட்கிறார். கையில் இருந்ததை முடிந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, அந்த ராஜாவுக்கும் மேலே இருந்த பேரரசரின் சிப்பாய் வந்தார். தலைக்கவசத்தைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விவரம் சொன்னார். இந்த ராஜா பேரரசரை எதிர்த்துக் கலகம் செய்து, காசில் தன் தலையைத் தானே போட்டுக்கொண்டவர். இந்த மாதிரிக் காசு உலகத்திலேயே ஐந்தாறுதான் மிச்சமாம். அதை வைத்திருப்பது கலகக்கார வீடு. காசோடு வீட்டுக்காரரையும் கூட்டிப்போக வேண்டும்.

முடிச்சைக் காட்டி, யமுனா கல்யாணத்துக்கு வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். சிப்பாய் நான் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே யோசித்தார்.

“வேண்டுதல் நிறைவேறாம அவுக்கக் கூடாதுங்க அம்மணி. கல்யாணம் முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன்.”

பிறகு வாரம் தவறாமல் வந்தார், பேரரசர் தேடி அனுப்பிய ஜாதகங்களோடு. எல்லாம் நல்ல இடம்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் காபி டம்ளரைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்து முடிச்சுக்குள்ளிருந்து ராஜா பேசுவார். வங்கி மாப்பிள்ளை வந்தபோது, “இவன் மேனேஜருக்குக் குனியறவன். வேண்டாம்,” என்றார். தறிப்பட்டறைக்காரர் அப்பா பேச்சைத் தட்டாதவராம். அதுவும் குறை. ஒன்பது இடம் இப்படியே போனது. யமுனாவுக்கு முப்பது நடக்கிறது. கல்யாணம் நடந்தால் வீட்டுக்காரர் போய்விடுவார், நடக்காவிட்டால் இவள் இப்படியே நிற்பாள். யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பத்தாவது மாப்பிள்ளை வருவதற்கு முன்பு முடிச்சின் முன் வெற்றிலை பாக்குத் தட்டை வைத்தேன்.

“அண்ணா, நீங்கதான் தாய்மாமனா நின்னு நடத்தி வைக்கோணும்.”

 பையன் என்ன உயரம் என்று மட்டும் ராஜா கேட்டார்.

அந்த இடமே கூடிவந்தது. அழைப்பிதழில் தாய்மாமன் இடத்தில் ராஜாவின் பெயரை அச்சடித்தேன். சிப்பாய் அதை இரண்டு முறை படித்தார். அண்ணன் தங்கை வீட்டில் தங்குவது கலகத்தில் சேராது என்று நோட்டில் எழுதிக்கொண்டு, சீர்த்தட்டு எத்தனை என்று விசாரித்தார்.

நூற்றொன்று என்றேன். தூக்க ஆள் வேண்டுமே என்று படையை அழைத்துவரப் போயிருக்கிறார். மண்டபத்தில் குதிரை கட்ட இடம் சொல்லி வைத்துவிட்டேன்.