அழுத்தக்காவும் பெரிய டீச்சரின் இடது தோளும்

லாண்டரிக்கு மேலே, பதினான்கு படி ஏறினால் வரும் ஒற்றை அறையில் மசாஜ் செய்கிறவளைத் தெருவே அழுத்தக்கா என்றுதான் கூப்பிடும். அவள் கட்டைவிரலில் என்ன மாயமோ, முனகிக்கொண்டே படியேறுகிறவர்கள் வம்பு பேசிக்கொண்டு இறங்கிவருவார்கள்.

முகம் மட்டும் அவள் மண்டையில் நிற்காது. அது பிறவிக் கோளாறு. சொந்தத் தங்கை முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றபோது, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்ட மகராசி. ஆனால் முதுகைக் காட்டினால் போதும், ஜாதகமே சொல்லிவிடுவாள். அவள் செல்போனில்கூடப் பெயர்கள் கிடையாது. 'இடுப்பு', 'குதிகால்', 'வலது கழுத்து', அவ்வளவுதான்.

அதில் முதல் எண் 'இடது தோள்'. பெரிய டீச்சர் என்றால்தான் மற்றவர்களுக்குப் புரியும். பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை. எட்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை ஐந்து மணி அவருடையது. அந்தப் பள்ளியில் பாதிப் பேரை இங்கே அனுப்பிவைத்ததும் அவர்தான். அவர் இரண்டு செவ்வாயாக வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. எதிர் வரிசையில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு புது மசாஜ் நிலையம் திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அழுத்தக்கா ஜன்னல் வழியே அந்தக் கதவையே எட்டி எட்டிப் பார்த்தாள். பெரிய டீச்சர் போனால் பின்னாலேயே அத்தனை டீச்சர்களும் போவார்கள். அது ஒரு பக்கம். செவ்வாய் ஐந்து மணிக்கு இரண்டு கைகளும் வேலையற்று மடியில் கிடந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

தங்கை சும்மா இருப்பாளா? பியூட்டி பார்லரில் வேலை, வாயில் எந்நேரமும் யோசனை.

"அக்கா, இப்பல்லாம் கை மட்டும் இருந்தா பத்தாது. கூடவே ஏதாவது குடுக்கணும். அங்க பாரு, சூடா கல்லு வைக்கிறாங்க, கால் கழுவி விடறாங்க, பாட்டு போடறாங்க."

"கால நானும் கழுவி விடறேன். பாட்டு எதுக்குடி? படுத்த அஞ்சாவது நிமிஷம் குறட்ட விடறாங்க."

"அதுக்குத்தான் பாட்டு. அடுத்து உக்காந்திருக்கிறவங்களுக்குக் குறட்ட கேக்காதுல்ல?"

மறுநாளே ரைஸ் குக்கரில் வழுவழுப்பான கற்கள் வெந்தன. கூடவே வெந்நீர்த் தொட்டி, சூடான துண்டு, அருவிச் சத்தம். 'இடுப்பு' என்கிற ஓய்வுபெற்ற கண்டக்டர், அருவியைக் கேட்டுக் கேட்டு ஒரு மணி நேரத்தில் மூன்று முறை பாத்ரூமுக்கு ஓடினார். 'குதிகால்' அம்மா தொட்டியிலிருந்து காலை எடுக்கவே மாட்டேன் என்றார், மசாஜே வேண்டாமாம். துண்டுக்கு மட்டும் ஏகப்பட்ட மவுசு. எல்லாம் சரி, செவ்வாய் வந்தது, ஐந்து மணி ஆனது, படியில் அந்தச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

புதன்கிழமை மருந்துக்கடை வரிசையில் நின்றாள். முன்னால் ஒரு முதுகு. முடி குட்டையாக வெட்டியிருந்தது. இடது தோள் ஒரு விரற்கடை உயர்ந்து, கழுத்து அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. அழுத்தக்காவின் கை அவளைக் கேட்கவில்லை. கட்டைவிரல் நேரே போய்த் தோள்பட்டைக்குக் கீழே இருந்த முடிச்சில் உட்கார்ந்தது.

"ஆ... அங்கதான், அங்கதான்!" என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாள் திரும்பினார். கடைக்காரர் மாத்திரையை வெட்டாமல் வேடிக்கை பார்த்தார்.

"டீச்சர்! என்ன இது, மூணு வாரத்துல இப்படிக் கல்லாயிடுச்சே!"

"இப்ப மட்டும் தெரியுதா என்னை? அன்னிக்கு பேங்க் வாசல்ல நேருக்கு நேர் வந்தேன். வாய் நிறைய சிரிச்சேன். நீ என்னமோ தூணத் தாண்டற மாதிரி தாண்டிப் போன. சரி, நம்ம தயவு இனிமே வேண்டாம்போலன்னு விட்டுட்டேன்."

அழுத்தக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். கொண்டை இல்லை, புதுக் கண்ணாடி வேறு. சத்தியமாக முன்பின் பார்த்த முகமாகத் தெரியவில்லை.

"கொண்டைய வெட்டிட்டு வந்தா நான் எப்படி டீச்சர் கண்டுபிடிப்பேன்? எட்டு வருஷமா நீங்க குப்புறப் படுத்துத்தானே எனக்குப் பழக்கம்! அன்னிக்கு ஒரு தடவ திரும்பி நின்னிருந்தா அங்கயே கட்டிப் பிடிச்சிருப்பேன்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய டீச்சர் தொண்டையைச் செருமித் தன் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"எதிர்க் கடைக்குப் போனீங்களா?" நைசாக வாயைக் கிளறினாள்.

"ஒரே ஒரு தடவ. கல்லு வச்சாங்க, பூ போட்டாங்க. எங்க வலிக்குதுன்னு என்கிட்டயே கேட்டாங்க! அது எனக்கென்ன தெரியும்? உனக்குத்தானே தெரியும்."

"கல்லு நம்மகிட்டயும் இருக்கு டீச்சர். வேகவச்சுத் தரேன்."

"அத நீயே வச்சுக்கோ. வர்றேன், ஆனா ஒரு கண்டிஷன். படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எதிர்ல உக்காந்து என் முகத்தப் பாக்கணும்."

அடுத்த செவ்வாய் ஐந்து மணிக்கு எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், இரண்டு டம்ளர் டீ. தங்கை அதற்குள் வாசல் பலகையில் எழுதியும் விட்டாள்: 'முகம் பார்க்கும் ஐந்து நிமிடம், இலவசம்.' அழுத்தக்கா பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி நெற்றியில் தொடங்கி வரிவரியாக இறங்கினாள்.

"டீச்சர், மூக்குப் பக்கத்துல இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"பொறக்கும்போதே."

"சரி சரி. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, அசையாதீங்க."

பெரிய டீச்சர் அசையவில்லை. இடது தோள் மட்டும் தானாகவே கொஞ்சம் இறங்கியது. அதைக் கவனிக்காதவள் போல, அழுத்தக்கா மச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.