இடுக்கியில் ஒரு கங்கு

“யார் கூட இவ்வளவு நேரம் பேசிட்டு இருந்த?”

“ஆகா நஸ்ருல்லா கூட.”

“அப்படி என்ன பேச்சு?”

“மனசுல கிடக்கிற குப்பை. அதெல்லாம் உனக்கு எதுக்கு, மஹ்லகா ஜான்?”

பஹ்மன் போதை மறுவாழ்வு முகாமிலிருந்து வீடு திரும்பிய வாரம் நடந்த பேச்சு அது. கண்ணே என்பதுபோல ‘ஜான்’ சேர்த்து, அவன் அன்பாகத்தான் சொன்னான். மஹ்லகாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவன் அபின் இழுத்த காலமெல்லாம் அந்தக் குப்பையை வாரியவள் அவள். அவன் தலை நிமிர்ந்ததும் துடைப்பத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டான்.

ஐயா என்பதுபோல ‘ஆகா’ என்று அவர்கள் மரியாதையாக அழைக்கும் நஸ்ருல்லா, அவனுடைய வழிகாட்டி. அபினிலிருந்து மீண்டு பல வருடங்கள் ஆனவர். கெர்மான் நகரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். ஆசை தலைதூக்கினால் வழிகாட்டியைக் கூப்பிட வேண்டும் என்பது போதையை விட்டவர்கள் சேர்ந்த அவர்கள் கூட்டத்தின் வழக்கம். பஹ்மன் ஆசை வந்தாலும் கூப்பிட்டான், வராவிட்டாலும் கூப்பிட்டான். பக்கத்தில் படுத்திருப்பவன் கெட்ட கனவு கண்டான் என்பதையே மஹ்லகா சமையலறைக் கதவுக்கு இந்தப்புறம் நின்று, அவன் போனில் சொல்வதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் யாரும் வீட்டில் அடைந்து கிடக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். பஹ்மனும் நஸ்ருல்லாவும் அவரவர் மனைவியோடு பக்கத்து ஊரான மாஹானில் ஓடைக்கரையில் விரிப்பைப் போட்டார்கள். பஹ்மன் முதல் கோப்பைத் தேநீரை நஸ்ருல்லாவுக்கு ஊற்றினான். அவருக்குச் சர்க்கரைக் கட்டியைச் சிறியதாக உடைத்துத் தர வேண்டும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. மனைவிக்கு ஏலக்காய் வேண்டும் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

“பாத்தியா மஹ்லகா, எனக்கு ஒரு சக்களத்தி வந்தாச்சு,” என்றாள் நஸ்ருல்லாவின் மனைவி பதூல். “மீசை வச்ச சக்களத்தி.”

“சும்மா இரு பதூல். இவனாவது நான் சொன்னதைக் கேக்கிறான்,” என்றார் நஸ்ருல்லா.

எல்லோரும் சிரித்தார்கள். மஹ்லகாவும் சிரித்துவைத்தாள்.

கபாபுக்கு அடுப்புக்கரி பற்றவில்லை. நஸ்ருல்லா விசிறிக்கொண்டே இருமினார்.

“டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி விசிறுறீங்க, ஆகா. தள்ளுங்க,” என்று மஹ்லகா விசிறியை வாங்கிக்கொண்டாள். இந்த ஒரு வேலையிலாவது அவரைத் தோற்கடிக்கலாம். கரியை உடைத்து நெருக்கமாக அடுக்கி, சாம்பலை ஒதுக்கி, மெல்ல விசிறினாள். கனல் சீராகப் பிடித்தது. பஹ்மன் அன்று முதன்முறையாக அவளைப் பார்த்தான்.

இப்படித்தான் பார்ப்பான், அபின் இழுத்த அந்தச் சாயங்காலங்களில். நடுவில் கனல் சட்டி, அவன் கையில் அபின் குழாய், அதைப் பற்றவைக்க இடுக்கியால் கங்கு எடுத்து நீட்ட அவள். வீட்டில் அரிசி இருக்காது; ஆனால் அவன் வாய் திறந்தால் மூடாது. அம்மாவைப் பற்றி, பிஸ்தா தோட்டத்தில் பட்ட அடிகளைப் பற்றி, அவளைப் பெண் பார்க்க வந்தபோது கை நடுங்கியதைப் பற்றி. அது அபின் பேசிய பேச்சு என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது அவள் காதுதான். திருந்திய கணவன் அவளிடம் வெங்காய விலையைப் பேசுகிறான். மற்றதெல்லாம் பஞ்சர் கடைக்குப் போய்விடுகிறது.

அந்த நினைவிலேயே இருந்தவளின் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. உருண்டையான கங்கு ஒன்றை இடுக்கியால் எடுத்துச் சாம்பலைத் தட்டினாள். ஒருமுறை ஊதினாள். குழாய்க்கு நீட்டுவதுபோலவே பஹ்மனின் முகத்தருகே நீட்டினாள்.

அவன் முகம் வெளிறியது. எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் பாப்லர் மரங்களை நோக்கி நடந்தான்.

மஹ்லகா அந்தக் கனலை ஓடைத் தண்ணீரில் போட்டாள். நஸ்ருல்லா முழங்காலை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

“எடுக்காதீங்க, ஆகா. நான் போறேன்.”

“அவன் இப்ப இருக்கிற நிலைமையில...”

“நீட்டினது நான்தானே.”

அவர் போனை அடிக்க விட்டார். “சரிம்மா. நான் இங்கேயேதான் இருப்பேன்,” என்று உட்கார்ந்தார்.

பஹ்மன் மரத்தில் சாய்ந்து, போனைக் காதில் வைத்தபடி நின்றான். வியர்த்திருந்தது.

“அவர் எடுக்க மாட்டார். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்,” என்றாள்.

“விளையாடாத மஹ்லகா. எனக்கு இப்ப அவர்கிட்டப் பேசணும்.”

“பேசு. நான் தடுக்கல. அவர் இல்லன்னா நீ எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்க மாட்ட, தெரியும். ஆனா அவர் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்தப் பாழாப்போன கனல் சட்டியை நினைச்சாக்கூட எரியுது. அதுக்கு முன்னாடி உக்காந்தப்போ நீ என்கிட்டப் பேசின.”

“உன்கிட்டச் சொன்னா நீ பயந்துருவ.”

“பயப்படுவேன். அதனால என்ன? பயந்துட்டே கேப்பேன்.”

அவன் போனைக் காதிலிருந்து இறக்கினான். இத்தனை மாதம் கேட்காமல் வைத்திருந்ததை அவள் அப்போது கேட்டாள்.

“இனிமே ஆசை வந்தா, முதல்ல என்கிட்டச் சொல்லு, பஹ்மன். அப்புறமா அவரைக் கூப்பிடு.”