இரு, சும்மா, போதும்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவிக்கு அவர் ஸ்பூனில் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாய் குடித்ததும் அவள் தலையை லேசாகத் திருப்பி, "போதும்" என்றாள். மூலையில் நின்று மெல்ல ஏதோ பாடிக்கொண்டிருந்த நெட்டை சட்டென்று வாயை மூடிக்கொண்டான். ஜன்னல் கட்டையில் விரலால் தட்டிக்கொண்டிருந்த வட்டமும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அறை திடீரென்று அமைதியானதில் நர்ஸ் பயந்துபோய் ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் அப்படியே நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றார் அவர். "இவ தண்ணி போதும்னு சொன்னா. அதுங்க பாட்டு போதும்னு நினைச்சுக்கிச்சுங்க."

நெட்டை, வட்டம் என்பதெல்லாம் அசல் பெயர் பிடிபடாமல் அவர் வைத்த பெயர்கள். நெட்டை ஒரு தேசத்துக்காரன், ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலினை நிறுத்திவைத்து வாசிப்பவன். வட்டம் வேறொரு தேசத்துக்காரி, சல்லடை மாதிரி ஒரு வட்டமான தோல் வாத்தியம் அவளுடையது. இருவருக்கும் தமிழில் மூன்றே மூன்று சொற்கள்தான் தெரியும். 'இரு' என்றால் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். 'சும்மா' என்றால் இஷ்டப்படி போகலாம். 'போதும்' என்றால் முடிந்தது. மேடையில் அவள் இந்த மூன்று சொற்களை வைத்தே எல்லாரையும் மேய்த்தாள். அவளோடு வாசித்தவர்கள் எந்த மூலையில் இருந்தாலும் இந்த மூன்றும் தெரிந்திருக்கும். இதை அவர் தன் ரொட்டிக்கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். ரொட்டியை வாங்கிக்கொண்டு தப்பித்தால் போதும் என்று ஓடியவர்கள் உண்டு.

அவள் கண்ணைத் திறக்காமலே, "சும்மா" என்றாள். நெட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"கேளும்மா."

"என்னை வழியனுப்பும்போது இவங்க எல்லாரும் வாசிப்பாங்க. நீங்கதான் ஆரம்பிச்சு வைக்கணும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானா? பிறந்தநாள் பாட்டுக்கே எனக்குக் கை தட்ட வராதுன்னு ஊருக்கே தெரியும். உன் மானத்த வாங்கறதுக்கா?"

"அதான் வேணும். இவங்க எல்லாம் என்கூட வாசிச்சு வாசிச்சுக் கெட்டுப் போயிட்டாங்க. அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க தட்டினா அடுத்தது எங்க விழும்னு கடவுளுக்கே தெரியாது."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் மறுபடி வந்தாள். இதற்குமேல் பேச வேண்டாம் என்றாள். மத்தியானத்துக்கு மேல், மகள் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்தால் டெலிபோன் ஓயவில்லை. மகள் எழுந்து எழுந்து போய்ப் பேசினாள். அவர் வாயில் நுழையாத ஊர்களிலிருந்தெல்லாம் யார் யாரோ அழுதார்கள். ஒருவர் தமிழில் சொல்வதற்கு வேறு எதுவும் தெரியாமல் "இரு, இரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அதைக் கேட்டதும் துக்கத்துக்கு நடுவிலும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பெண்டாட்டி என்றால் இவளல்லவா என்று தோன்றியது.

மிருதங்கம்தான் அவளுக்குத் தாய்வீடு. அப்பாவிடம் அண்ணனும் அவளும் ஒன்றாகக் கற்றார்கள். கல்யாணமான புதிதில், ரொட்டி அடுப்புக்கு மேல் இருக்கும் மாடி அறையைப் பார்த்துவிட்டு, "தோலுக்கு நல்ல சூடு. இந்த அடுப்புக்காகத்தான் உங்களக் கட்டிக்கிட்டேன்" என்றாள். பிறகு யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அவருக்குப் பதிலாக ஒரு குழுவோடு கடல் தாண்டிப் போனவள், அங்கே துறைமுகத்துக்காரர்கள் பீப்பாயைத் தட்டி வாசிப்பதைக் கேட்டாள். அவ்வளவுதான், பீப்பாயும் மாடி ஏறியது. அதற்கப்புறம் வாளி, மண்பானை, சூட்கேஸ், மரப்பெட்டி, பெயர் தெரியாத தோல்கள் என்று அவள் விட்டுவைத்தது எதுவுமில்லை.

புதிய ஊர்க்காரர்களோடு வாசிக்கப் போனால் முதல் நாள் வாத்தியத்தைத் தொடவே விடமாட்டாள். எல்லாரையும் உட்காரவைத்து, "உங்க அம்மா உங்கள எப்படித் திட்டுவாங்க, அப்படியே திட்டிக் காட்டுங்க" என்பாள். பெரிய பெரிய வித்துவான்களெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு திட்டுவார்களாம். கொஞ்சுவதற்கு எல்லா ஊரிலும் ஒரே நடைதான், திட்டும்போதுதான் அந்தந்த ஊரின் நடை வெளியே வரும் என்பது அவள் கட்சி. அந்தத் திட்டை விரலில் வாங்கி அன்றைக்கே வாசித்துக் காட்டுவாள். மொழி தெரியாத அரங்கங்கள் எழுந்து நின்று கை தட்டியதெல்லாம் யாரோ ஒரு அம்மாவின் திட்டுக்குத்தான்.

இதில் ஒருவருக்கு மட்டும் உடன்பாடில்லை. அவளுடைய அண்ணன், அவருக்கு மச்சான். கணக்குத் தப்பாத மிருதங்க வித்துவான். தங்கையின் கச்சேரியை ஒரே ஒரு தடவை கேட்டார். "இது கச்சேரி இல்ல, கதம்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். "யார்கிட்ட கத்துக்கிட்ட கை இது?" என்று யாரோ அவளிடம் கேட்டதற்கு, "எல்லார் வீட்லயும் சாப்பிட்ட கை" என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டார்கள். அதற்கப்புறம் அண்ணனும் தங்கையும் நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொண்டார்கள், தாளத்தைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் காலை எரியூட்டும் கூடத்தில் அந்த மச்சான் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் ரொட்டிக்கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் நெட்டை, வட்டம், இன்னும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்தவர்கள் தத்தம் வாத்தியத்தோடு தரையில் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

மகளைத் தனியே இழுத்துப் போனார்.

"என்னால ஆகாதும்மா. உங்க மாமா முன்னாடி நான் தப்பாத் தட்டினா, கடைசிலயும் கதம்பம்தான்னு சொல்லிடுவாரு. அவ பேரு கெட்டுப்போகும். நீ ஆரம்பியேன்."

"அம்மா உங்களத்தானப்பா சொன்னாங்க. இவங்க கிட்டயும் சொல்லிட்டாங்க. நீங்க ஆரம்பிக்கலைன்னா இப்படியே உக்காந்திருப்பாங்க." மகள் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "இன்னொண்ணு. யார் ஆரம்பிக்கிறாங்களோ அவங்கதான் 'போதும்' சொல்லணும். அதுவரைக்கும் நிறுத்த மாட்டாங்க."

அவர் பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை ஒரு தட்டு தட்டினார். இன்னொன்று தட்டினார். மூன்றாவது எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்று, பிறகு அவசரமாக இரண்டு சேர்ந்து விழுந்தது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள்.

வட்டத்தின் விரல் முதலில் வந்தது. அவர் தடுமாறிய இடத்திலேயே அவளும் தடுமாறினாள், வேண்டுமென்றே, அழகாக. நெட்டை அதற்குக் கீழே ஒரு நீண்ட இழுப்பு இழுத்தான். பிறகு ஒவ்வொருவராக உள்ளே இறங்கினார்கள். அவர் முன்னே ஓடினால் ஓடினார்கள். பின்தங்கினால், இதற்காகவே காத்திருந்தவர்கள் போலச் சேர்ந்து பின்தங்கினார்கள். என்ன தப்புச் செய்தாலும் அது தப்பாகவே இல்லை. அவர் கண்ணைத் திறந்தார். இத்தனை வருஷமாக இவள் இதற்குள்தான் இருந்தாளா என்று நினைத்தார். மாடியிலிருந்து கேட்ட சத்தத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! பெருமையாக இருந்தது. கூடவே, ஒரு நாளாவது மாடி ஏறிப்போய் உட்கார்ந்திருக்கலாமே என்றும் இருந்தது.

முதல் வரிசையில் மச்சான் தொடையில் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கணக்கு நழுவியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் நழுவியது. பிறகு விரல் விடுவதை விட்டுவிட்டு, உள்ளங்கையால் தொடையைத் தட்ட ஆரம்பித்தார். இவர் தட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினார்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு கூடத்து மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். மகளிடம் வந்து குனிந்து, "அம்மா, நேரமாயிடுச்சு. அடுத்தவங்க வெளிய நிக்கிறாங்க. பெட்டிய எடுத்துடலாமா?" என்றார்.

வாசிப்புச் சத்தத்தில் மேற்பார்வையாளருக்குக் காது கேட்க வேண்டுமே என்று மகள் உரக்கவே சொன்னாள்:

"இருங்க!"

அரைவட்டம் அப்படியே நின்றது. விரல்கள் தோலுக்கு மேலே நின்றன. வில் நரம்பை விட்டு எழும்பி நின்றது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தட்டிக்கொண்டிருந்தவருக்கு மட்டும் அது புரியச் சிறிது நேரம் ஆனது. கூடம் முழுக்க அவருடைய கைத்தட்டல் மட்டும் கேட்டது, நொண்டிக்கொண்டு, தன் பாட்டுக்கு. ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாரும் கையைக் கீழே வைப்பார்கள், பெட்டியை எடுத்துவிடுவார்கள். அந்தச் சொல் அவருக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. சொல்ல மனமில்லை. உள்ளங்கை சிவந்து எரிந்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். முதல் வரிசையில் மச்சானின் கையும் தொடைக்கு ஒரு சாண் மேலே, அடுத்த தட்டு எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றது.