மூன்று கோட் பெயிண்ட்

கிரேன் படகைத் தூக்கிக் கரையில் வைத்ததுமே அவள் குனிந்து பார்த்தது அடிப்பக்கத்துத் துத்தநாகக் கட்டிகளைத்தான். எட்டும் புதுக்கருக்குக் குலையாமல் இருந்தன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா, ஒரு வருஷம் ஆச்சு, ஒண்ணு கூடத் தேயல!"

அவள் கணவர் மெக்கானிக். முப்பது வருஷமாகப் படகுகளின் வயிற்றைத் தட்டிப் பார்த்தே தலை நரைத்த மனுஷர். கட்டியை நகத்தால் சுரண்டினார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

"தேயணும்மா. அதுக்குத்தானே வெச்சிருக்கு. உப்புத்தண்ணி இந்த ஜிங்கைத் தின்னுட்டு இரும்பை விட்டுடும். எவனோ இதுமேல பெயிண்ட் அடிச்சிருக்கான். அப்புறம் அது எதைத் திங்கும்?"

இரும்பைத்தான். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். 'டங் டங்' என்று வந்த சத்தம் பின்பக்கத்தில் 'டப்' என்று அடங்கியது. பெயிண்ட் கொப்புளத்தை உடைத்தால் உள்ளே பயறு பயறாகக் குழிகள். ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பாராமல், அவரே வெட்டி அவரே வெல்டிங் வைத்த படகு. மதியம் சோதனை அதிகாரி வருகிறார். தகடு தாங்காது என்று எழுதிவிட்டால் காயலான் கடைக்குத்தான்.

"அந்தப் பெயிண்டரை இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்" என்று போனை எடுத்தார்.

போன வருஷம் அவர் இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெயிண்டர் இந்த எட்டை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான். விவரம் தெரிந்துதான் விட்டிருக்கிறான், பாவம். அவள்தான் அவனைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டே, மல்லாந்து படுத்து ஒவ்வொன்றாகப் பூசினாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் பழி அவனோடு போய்விடும்.

"போனை வைங்க. நான்தான் அடிச்சேன். நீங்க வந்து பாக்கறப்ப பளிச்சுனு இருக்கணும்னு..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கட்டியை மறுபடி சுரண்டிப் பார்த்தார்.

"எத்தனை கோட்டு?"

"மூணு."

"அதான் சுரண்டவே வரல" என்றார். கோபமாகத் தெரியவில்லை. அதுதான் அவளை இன்னும் அழவைத்தது.

அதிகாரி வந்து கருவியை அங்குலம் அங்குலமாக வைத்துத் தகட்டின் கனத்தை அளந்தார். "பின்பக்கம் ரெண்டு தகடு மாத்துங்க. மத்ததெல்லாம் தேறிடும்." அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரியின் கண் அப்போதுதான் கட்டிகள் மேல் விழுந்தது.

"எந்த மடையன்யா ஜிங்க் மேல பெயிண்ட் அடிச்சது?"

சுற்றியிருந்த வேலைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இதே தப்பைச் செய்தவர்களை வருஷக்கணக்காக ஓட்டு ஓட்டென்று ஓட்டியவர் அவள் கணவர். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார்."

"நீங்களா!"

"வயசாகுதில்ல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காது சிவக்க அவரும் சிரித்தார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷர் அவளிடம் ஆசையாகப் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று யாரோ ஓர் அதிகாரியைப் பார்த்துச் சொன்னதையும் அவள் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.