கல்வெட்டில் நான்காவது பெயர்

முதியோர் இல்லத்தின் வாசல் மேசையில் மின்சார மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இறந்துபோன ரைசாவின் படம். படத்துக்குக் கீழே நாலே நாலு வரி: "ரைசா, வயது தொண்ணூற்றொன்பது. போரில் உயிர் தப்பியவர். பூக்களையும் சீட்டாட்டத்தையும் நேசித்தவர். எல்லோரையும் புன்னகையோடு வரவேற்றவர்."

குணவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூவாம், புன்னகையாம்! பூவைக் கண்டாலே தும்முகிற மனுசி அது. நாலு வருடமாகக் காலையில் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்ட குணவதிக்கே மாதத்துக்கு ஒரு புன்னகை கிடைத்திருந்தால் பெரிய விஷயம்.

அந்தக் குளியலறையில்தான் ரைசா வாய் திறப்பாள். முதுகு தேய்க்கும்போது இடது தோளில் ஒரு குழி கையில் தட்டுப்படும். துப்பாக்கிச் சூடு பட்ட இடம். போலந்தில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவின் வேலிக்குக் கீழால் பதினேழு வயதில் ஊர்ந்து போய், காட்டிலிருந்த போராளிகளோடு சேர்ந்தவள் அவள். உருளைக்கிழங்குச் சாக்குக்குள் வெடிமருந்து சுமந்து, நாஸிகளின் ரயிலொன்றைக் கவிழ்த்தவள். யாராவது "உயிர் தப்பியவர்" என்று சொல்லிவிட்டால் மனுசிக்குப் பொல்லாத கோபம் வரும். "தப்பினது எனக்கு நடந்தது. சண்டை பிடித்தது நான் செய்தது. உனக்கு எந்தக் கதை வேண்டும்?" என்று கேட்பாள்.

அப்பேர்ப்பட்டவளைச் சீட்டாடின கிழவியாக்கி வாசலில் வைத்திருக்கிறார்கள். என்ன அநியாயம் இது.

குணவதி நேரே நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கரோலினின் அறைக்குப் போனாள். கரோலின் கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்: "துப்பாக்கி, வெடி என்றெல்லாம் எழுதினால் இங்கே இருக்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், குணா. ரைசாவின் மகனிடமும் கேட்டேன். இதுவே போதும் என்றார்."

ரைசா சங்கடம் பார்த்திருந்தால் அந்த ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்குமே என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த வேகத்தில் ஆங்கிலம் வரவில்லை. "நீங்கள் அவளுடைய வாழ்க்கையையே அழிக்கிறீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திக்கொண்டு வந்தாள்.

வீடு இருக்கிற மல்வேர்ன் பக்கம் போகிற பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தும் கொதி அடங்கவில்லை. வீட்டுக்குள் கால் வைத்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணவன் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஒரு மனுசியின்ர வாழ்க்கையை வெட்டி எறிய உவைக்கு ஆர் உரிமை குடுத்தது? சொல்லுங்கோ பாப்பம்."

"அது பிழைதான். முதல் இதைப் பாரும். ஆறரைக்கு இக்னேசியஸ் அச்சகத்தைப் பூட்டிப்போடுவார்."

மேசையில் அம்மாவின் கல்வெட்டு இருந்தது. அம்மா போன மாதம்தான் கண்ணை மூடினா. வருகிற சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி. வருகிறவர்கள் கையில் கொடுக்கிற அந்தச் சிறு புத்தகத்தில் பிறப்பு, வாழ்வு, பிள்ளைகள் எல்லாம் இருக்கவேண்டும். குணவதி கடைசித் திருத்தம் பார்க்க உட்கார்ந்தாள். "ஜெயரட்ணம் (லண்டன்), குணவதி (கனடா), இராஜரட்ணம் (சுவிஸ்) ஆகியோரின் பாசமிகு தாயாரும்..."

"இதில என்ன குறை, மூண்டு பேரும்..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள்.

அம்மா பெற்றது நாலு. கடைக்குட்டி நிலாணி பதினெட்டு வயதில் ஈழப் போராட்ட இயக்கத்துக்குப் போனவள். இரண்டாம் வருடமே சண்டையில் செத்துப்போனாள். உடல்கூட வரவில்லை. கனடாவில் அகதி விசாரணையில் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, இரண்டு என்றாள் குணவதி. போராளியின் அக்கா என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அம்மாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்தபோதும் அதே பதில்தான். அம்மா இந்த வீட்டில் இருந்த இருபது வருடமும் நிலாணியின் படத்தைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தா.

"ஆர் உதை எழுதினது?"

"நீர்தான். போன கிழமை உந்தக் கதிரையில இருந்துதானே எழுதித் தந்தனீர்."

கரோலினுக்கென்று சேர்த்து வைத்த திட்டெல்லாம் இன்னும் வாய்க்குள்தான் இருந்தது. இப்போது அது தனக்கே பொருந்தியது. வெட்கமும் ஆத்திரமுமாகக் கண் கலங்கியது. மணி ஆறு இருபது. அச்சகத்துக்குப் போனை அடித்தாள்.

"இஞ்சேரும், இமிகிறேசன்காரர் பழைய பேப்பரெல்லாம் கிண்டத் தொடங்கினாங்கள் எண்டால்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, குரலைத் தாழ்த்தி.

"கிண்டட்டும். அவள் போனது சரியோ பிழையோ எண்டு ஆரும் வந்து என்னோட சண்டை பிடிக்கட்டும். அவள் பிறக்கவேயில்லை எண்டு இனி நான் சொல்லமாட்டன். கரோலினிட்ட நாளைக்கும் போவன். முதல் இது."

மறுமுனையில் இக்னேசியஸ் எடுத்தார்.

"அண்ணை, அம்மான்ர கல்வெட்டில ஒரு பிள்ளையின்ர பேர் விடுபட்டுப்போச்சு. நிலாணி."

"எந்த நாடு தங்கச்சி? அடைப்புக்குறிக்குள்ள போடவேணுமெல்லே."

"நாடு இல்லை. அவள் செத்திட்டாள்."

"அப்ப காலஞ்சென்ற நிலாணி எண்டு போடுறன்."

"வேண்டாம் அண்ணை." குணவதி திருத்தத் தாளைக் கிட்ட இழுத்தாள். "அது அவளுக்கு நடந்தது. நீங்கள் போராளி எண்டு போடுங்கோ. அதுதான் அவள் செய்தது."